ஒரு வெற்றுக் கசற்றும் மூன்று கட்சிகளும்

தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலை மரியதாஸ் அண்ணை கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பின் சக்கரத்தோடு உரசிய டைனமோ முனகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து போன வயரின் மறுமுனையில், வெங்காயச் சாக்கின் மேல் வைத்த சின்னக் கசற் பெட்டி பாடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகியின் குரல் மெல்லத் தடித்தது. பிறகு ஆண் குரலானது. பிறகு நித்திரை குழம்பிய எருமையின் குரலாகி, நின்றுபோனது.

என் அண்ணன் குலேந்திரன் எழுந்து நின்றார்.

"மரியதாஸ், நீர் வேணுமெண்டுதான் மெதுவாச் சுத்தினனீர்."

"நான் ஒரே சீராத்தான் சுத்தினன்."

"உம்மடை பாட்டுக்குக் கை வடிவாச் சுழண்டது. என்ரை பாட்டுக்கு மட்டும் கை நோகுதோ?"

மரியதாஸ் அண்ணை பெடலை விட்டார். சக்கரம் தானாகச் சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, வெறும் மீன் பெட்டியைக் காரியரில் வைத்துக் கட்டினார்.

"இத்தனை வருசம் மீன் விக்கிறன். ஒருநாளும் கள்ளத் தராசு பிடிச்சதில்லை. பாட்டிலையோ பிடிக்கப் போறன்?"

அவ்வளவுதான் சொன்னார். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது வழக்கமாக ஒருமுறை ஹோர்ன் அடிப்பார். அன்றைக்கு அடிக்கவில்லை.

கடைசியாக எல்லோரும் கேட்ட ஆண்டு

இது நடந்தது யாழ்ப்பாணத்துப் புத்தூரில், எங்கள் வீட்டு வளவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். போரால் மின்சாரம் நின்று இரண்டு மாரி கடந்திருக்க வேண்டும். நான் அப்போது ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதற்கு, "வரிசையில் நின்ற நேரம் போக நீங்கள் என்னதான் செய்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். பாட்டுக்காகச் சண்டை பிடித்தோம், அம்மா. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வெங்காயக் கொட்டிலில் அப்போது சிவபாதம் அண்ணையின் குடும்பம் இருந்தது. அவர் தெல்லிப்பழையில் பாட்டுப் பதியும் கடை வைத்திருந்தவர். நாங்கள் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம்; அவர் பட்டியலை வாங்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்து, "புதன்கிழமை வாங்கோ" என்பார். எந்தப் பட்டியலையும் நல்லது என்றோ கூடாதது என்றோ சொன்னதில்லை. இடம்பெயர்ந்து வந்தபோது மற்றவர்கள் பாத்திரமும் பாயும் கொண்டுவர, அவர் இரண்டு தகரப் பெட்டிகளில் மூலக் கசற்றுகளைச் சைக்கிளில் கட்டி, மழையில் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி அந்த வழி முழுவதும் அவருடன் கதைக்கவில்லையாம். வந்த பிறகும் ஒரு கிழமை கதைக்கவில்லை.

அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடினோம். கூடினால் ஒரே கேள்வி. மின்சாரம் நிற்பதற்கு முந்தின ஆண்டில் வந்த படப்பாட்டுக் கசற்றுகளில் எது திறம்?

ஏன் அந்த ஆண்டு என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வந்த பாட்டுகள் துண்டு துண்டாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்டிருக்கமாட்டார். ஒருவர் கேட்டிராத பாட்டைப் பற்றி அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருந்ததாக நாங்கள் நினைத்த கடைசி ஆண்டு அதுதான். ஆகவே அதையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று கட்சிகள்

படங்களின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் பத்துப் பேர் மறுத்துக் கடிதம் போடுவார்கள். பத்திரிகைக்காரர் என்னை ஏசுவார். கசற்றுகளின் மட்டைகள் மழையில் ஊறிப் போனதால் நாங்களே அவற்றுக்குப் பட்டப் பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயர்களே போதும்.

மழைக் கசற்றின் தலைவர் மரியதாஸ் அண்ணை. கொழும்புத்துறையிலிருந்து நீர்வேலி வழியாகச் சைக்கிளில் மீன் கொண்டுவருவார். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். மீனை வெட்டும்போதுகூடச் சுதி பார்த்துத்தான் வெட்டுவார் என்று அண்ணன் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மீனை விற்று முடித்து, கடைசி வீடாக எங்கள் வளவுக்குள் வருவார். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய பிறகுதான் கசற்றைத் தொடுவார்.

றெயில் கசற்றின் தலைவர் என் அண்ணன். வெங்காயச் செய்கைக்காரர். அவருடைய வாதம் மிகவும் நேரானது.

"அந்தத் தாளத்துக்கு மண்வெட்டி பிடிச்சுப் பாருங்கோ. ஒரு பாத்தி எப்பிடி முடிஞ்சதெண்டே தெரியாது. உம்மடை மழைப் பாட்டுக்குப் பிடிச்சால் மண்வெட்டியைக் கீழை வைச்சிட்டு அழ வேண்டிக் கிடக்கு."

"அழ வைக்கிறதுதான் பாட்டு," என்பார் மரியதாஸ் அண்ணை.

"அழுறதுக்கு வெங்காயம் இருக்கு எனக்கு."

கலியாணக் கசற் என் கட்சி. அதில் தலைவரும் நான்தான், தொண்டரும் நான்தான். கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கருக்கென்றே செய்த கசற் என்று இரண்டு பேரும் அதை விலக்கிவைத்திருந்தார்கள். அதில் ஒரு பாட்டில் பாடகி ஒரு சொல்லின் நடுவில் சிரித்துவிடுவாள். அது பாட்டிலேயே இருந்த சிரிப்பா, அடக்க முடியாமல் வந்த சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சிரிப்புக்காகவே நான் கட்சி மாறாமல் இருந்தேன்.

"ரீச்சர், ஒரு சிரிப்புக்கு ஒரு வோட்டுத்தான் போடலாம்," என்றார் மரியதாஸ் அண்ணை ஒருமுறை.

"என்னட்டை இருக்கிறதும் ஒரு வோட்டுத்தானே," என்றேன்.

எருமைக் குரலின் காரணம்

மரியதாஸ் அண்ணை கோபித்துப் போன மறுநாள், சிவபாதம் அண்ணை அதே கசற்றை மறுபடி போட்டார். பெடலைச் சுற்றும்படி அண்ணனையே கேட்டார். அண்ணன் முழுப் பலத்தோடு சுற்றினார். மூன்றாவது பாட்டின் நடுவில், அதே சொல்லில், எருமை வந்துவிட்டது.

மூன்றுமுறை சுற்றினார். மூன்றுமுறையும் வந்தது.

சிவபாதம் அண்ணை கசற்றின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தார். உள்ளே நாடாவின் விளிம்பெல்லாம் மா தூவியதுபோல வெள்ளையாக இருந்தது.

"பூஞ்சணம் பிடிச்சிட்டுது, தம்பி. நாடா ஒட்டுது. அதுதான் இழுபடுறது. மரியதாசிலை பிழையில்லை."

அண்ணன் "ம்" என்றார். அன்று பின்னேரம் முழுவதும் பாத்தி கட்டினார். எந்தத் தாளத்துக்கும் இல்லை.

இன்னும் மோசமான செய்தி ஒன்று இருந்தது. அந்த ஆண்டின் கசற்றுகள் எல்லாமே பெட்டியின் அடித்தட்டில் இருந்தவை. மழைத் தண்ணீர் தேங்கியது அங்கேதான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மழைக் கசற், றெயில் கசற் இரண்டிலும் வெள்ளை. என் கலியாணக் கசற் மட்டும் என்னுடைய அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருந்ததால் தப்பியது. இதை என் கட்சியின் வெற்றியாக அறிவிக்க நினைத்தேன். சிவபாதம் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"துடைச்சுக் காய வைச்சால் ஒருக்கா, ரெண்டுதரம் ஓடும். அந்த ஓட்டத்திலை வேறை கசற்றிலை ஏத்திப்போட வேணும். இல்லாட்டி மாரியோடை சரி."

வேறு கசற்றுக்கு எங்கே போவது? கடைகளில் வெற்றுக் கசற் கண்டு ஒரு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இருக்கிற கசற் ஒன்றை அழித்து அதன்மேல் பதியலாமே என்று நான் சொன்னேன். எதை அழிப்பது என்று அண்ணன் கேட்டார். அந்தப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மீன் வராத ஒழுங்கை

மரியதாஸ் அண்ணை மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு கிழமை தாண்டியது. எங்கள் ஒழுங்கையில் வெள்ளிக்கிழமையும் விரதநாளும் தவிர மற்ற எல்லா நாட்களிலும் மீன் சமைக்கிற பதினான்கு வீடுகள் இருந்தன. அந்தப் பதினான்கு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர் பின்வீட்டுச் செல்வம் மாமி. கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உங்கடை பாட்டுக் கொழுவலாலை என்ரை சட்டி காயுது. ரெண்டு கிழமையா முருங்கைக்காய். என்ரை மனிசன் இப்ப முருங்கை மரம் மாதிரித்தான் நிக்கிறார்."

"நான் என்ன மாமி செய்யிறது? எங்கடை அண்ணையல்லோ கொழுவினவர்."

"எந்தப் பாட்டு நல்லதெண்டு சொல்லுறார் மரியதாஸ்?"

"மழைப் பாட்டு எண்டு சொல்லுறார்."

"அப்ப அதுதான் நல்லதெண்டு சொல்லிப்போட்டு மீனைக் கொண்டு வரச் சொல்லுங்கோவன். பாட்டையோ பொரிச்சுத் தின்னப் போறியள்?"

இதை நான் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முருங்கைக்காய்க் குழம்பைப் பார்த்ததும், என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு உனக்கு வகுப்பு இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை."

"கொழும்புத்துறைப் பக்கம் போற அலுவல் ஏதும் இல்லையோ?"

"இல்லையே."

"சும்மா கேட்டன்."

என் அண்ணன் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். நான் காலையில் சைக்கிளை எடுத்தேன். காரியரில் அவர் ஏற்கெனவே ஒரு பை வெங்காயம் கட்டி வைத்திருந்தார்.

கொப்புளிப்பான்

கோப்பாய், இருபாலை கடந்து கொழும்புத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல்நீரேரிக் காற்று முகத்தில் ஒட்டியது. மரியதாஸ் அண்ணையின் வீட்டுப் படலையில், அம்மை கண்ட வீட்டின் அடையாளமாக, வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அவருடைய தாய் பிலோமினா அம்மா வலையை மடித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கை வராதை பிள்ளை. உனக்குக் கொப்புளிப்பான் வந்ததோ?"

"ஓம் அம்மா, சின்னனிலை வந்தது."

"அப்ப வா. இவனுக்கு இப்பத்தான் வந்திருக்கு. இந்த வயசிலை."

மரியதாஸ் அண்ணை பாயில் முகம் முழுக்கக் கொப்புளங்களோடு கிடந்தார். மீசை தவிர வேறு எதையும் அடையாளம் பிடிக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"கோவத்திலை வராமல் இருக்கிறியள் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை, மரியதாஸ் அண்ணை."

"கோவம் இருந்தது, ரீச்சர். மெய்யாத்தான். ஒரு கிழமை இருந்தது. பிறகு கொப்புளிப்பான் வந்திட்டுது. ரெண்டையும் ஒருமிக்கப் பாக்கேலாது."

எருமைக் குரலின் காரணத்தைச் சொன்னேன். அண்ணன் தானே மூன்றுதரம் சுற்றிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் சிரித்தார், உடனே கொப்புளம் நொந்து முகத்தைச் சுளித்தார். ஆனால் பூஞ்சணம் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மழைக் கசற்றிலையுமோ?"

"ஓம்."

அவர் திரும்பவும் பாயில் சாய்ந்தார். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு கொப்பியை எடுத்தார். காய்ச்சலில் கிடந்தபடி மழைக் கசற்றுக்கு ஆதரவாக இருபத்தேழு குறிப்புகள் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தன் சார்பில் நான் அதை வாசிக்க வேண்டுமாம்.

"நான் எதிர்க்கட்சி அண்ணை."

"கணித ரீச்சர் பிழையா வாசிக்க மாட்டியள்."

அப்போதுதான் பிலோமினா அம்மா பேச்சுக்குள் வந்தார். "அந்தக் கசற்றுப் பெட்டியிலை குரலும் பிடிக்கலாமோ, பிள்ளை?"

பிடிக்கலாம் என்றேன். அவர் உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்தார். கண்ணாடித் தாள் பிரிக்காத, புத்தம் புதிய வெற்றுக் கசற். அறுபது நிமிடக் கசற்.

இளைய மகன் அருள்தாஸ் ஜேர்மனியில் இருந்தார். அங்கிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "அம்மா, கடிதம் வேண்டாம், உங்கடை குரலைப் பிடிச்சு அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தாராம். வீட்டில் கருவி இல்லை. அயலில் போய்க் கேட்க அம்மாவுக்கு வெட்கம். எட்டு மாதமாக அந்தக் கசற், மரியதாஸ் அண்ணைக்குக்கூடத் தெரியாமல், மாதாவுக்குப் பின்னால் இருந்தது.

"என்ரை குரலை ஒரு பக்கம் எடுத்துத் தாங்கோ. மற்றப் பக்கம் உங்கடை பாட்டைப் போடுங்கோ. அருளும் பாட்டுப் பயித்தியம்தான். அங்கை நல்ல மெசின் வைச்சிருக்கிறான். பாட்டை வேறை கசற்றுகளிலை அடிச்சு உங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுறன்."

பாயில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் முப்பது நிமிடம். முப்பது நிமிடத்துக்கு ஆறு பாட்டு. மூன்று கட்சி.

இருபத்தேழு குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை கொட்டிலில் நின்று எதிர்க்கட்சியின் அறிக்கையை வாசித்தேன். செல்வம் மாமியும் வந்திருந்தார், மீனின் சார்பில்.

குறிப்பு ஒன்று, முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல். இரண்டு, மேற்படி புல்லாங்குழல் நிற்கும் இடம். மூன்று, அது நின்ற பிறகு வரும் அமைதி. பதினொன்று, றெயில் கசற்றின் நான்காம் பாட்டில் வயலின்கள் ஓடுகின்றன. எங்கே ஓடுகின்றன என்று அவற்றுக்கே தெரியாது. இருபத்தேழு, குலேந்திரனுக்குக் காது கொஞ்சம் மந்தம். இது தனிப்பட்ட தாக்குதல் அல்ல.

"இருபத்தேழிலை இருபது புல்லாங்குழல்தான்," என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்றார். அன்றைக்கு அவர் அதைக் கேட்டது மூன்றாவது தடவை.

ஆறு பாட்டுக்குத் தீர்ப்பு வரவில்லை. ஆளுக்கு இரண்டு என்று நான் சொன்னேன். ஒரு கசற்றை இரண்டு பாட்டாக வெட்டுவது கொலை என்றார் அண்ணன். சிவபாதம் அண்ணையைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டோம். "நான் கடைக்காரன்," என்று சொல்லி, நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் தோய்த்த பஞ்சால், விரலளவு விரலளவாக. கொட்டில் முழுக்க, பூப்புச் சடங்கு நடக்கிற சாமத்திய வீட்டு வாசம்.

தீர்ப்பு இல்லாமலே, மரியதாஸ் அண்ணைக்கு நோய் மாறித் தண்ணீர் வார்த்த பிறகு ஒரு பின்னேரம், எங்கள் கசற் பெட்டியையும் அயலில் இரவல் வாங்கிய இன்னொன்றையும் கட்டிக்கொண்டு சிவபாதம் அண்ணை, அண்ணன், நான் மூன்று பேரும் கொழும்புத்துறைக்குப் போனோம்.

நாலு நிமிடம்

முற்றத்தில் இரண்டு சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்தினோம். பாடுகிற பெட்டிக்கு ஒன்று, பதிகிற பெட்டிக்கு ஒன்று. இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் கம்பி தெல்லிப்பழையிலேயே நின்றுவிட்டது. ஆகவே பெட்டிகளை முகத்துக்கு முகம் வைத்து, ஒருவரும் மூச்சுவிடாமல் இருந்து பதிய வேண்டும் என்று சிவபாதம் அண்ணை விளக்கினார்.

அண்ணனும் மரியதாஸ் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மெலிஞ்சு போனீர்," என்றார் அண்ணன்.

"நீரும்தான். மீன் இல்லாமலோ?"

"முருங்கைக்காய் கொஞ்சம் கூடிப் போச்சுது."

அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

முதலில் அம்மாவின் குரல். பிலோமினா அம்மா பூசைக்குப் போகிற சேலை உடுத்து, தலை வாரி இழுத்து, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் பெடலைச் சுற்றினார். சிவபாதம் அண்ணை கையைக் காட்டினார்.

"அருள், அம்மா கதைக்கிறன். சாப்பிட்டியோ?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மரியதாஸ் அண்ணை, "தொடர்ந்து கதையுங்கோ அம்மா" என்று கையால் காட்டினார்.

"தாசுக்குக் கொப்புளிப்பான் வந்து மாறிட்டுது. கோழி பதினொரு குஞ்சு பொரிச்சது, ஒண்டைப் பருந்து கொண்டு போட்டுது. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. பூசையை விடாதை. கலியாணக் கதை ஒண்டு வந்திருக்கு, நான் ஒண்டும் சொல்லேல்லை, நீ யோசிச்சுச் சொல்லு. நான் சுகமா இருக்கிறன்."

பிறகு நிமிர்ந்து, "அவ்வளவுதான்," என்றார்.

சிவபாதம் அண்ணை நிறுத்தி, நாடாவைப் பார்த்தார். "அம்மா, நாலு நிமிசந்தான் போயிருக்கு. இன்னும் இருபத்தாறு கிடக்கு."

"எனக்குக் கதைக்க வேறை ஒண்டுமில்லை, தம்பி. மிச்சத்தை அவன் அறிவான். பாட்டைப் போடுங்கோ."

அண்ணன் பெடலிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நினைக்கிறேன்.

இருபத்தாறும் மற்றப் பக்கத்து முப்பதும் சேர்த்து ஐம்பத்தாறு நிமிடம் என்றால், நெருக்கிப் பிடித்தால் பன்னிரண்டு பாட்டு. ஆளுக்கு நாலு. ஆனால் எந்த நாலு? ஆறுக்குத் தொடங்கிய சண்டை பன்னிரண்டுக்கும் தொடங்குகிற அறிகுறி தெரிந்தது. அப்போது சிவபாதம் அண்ணை, தன் வாழ்நாளில் முதல்தடவையாக, பாட்டு விஷயத்தில் ஒரு கட்டளை போட்டார்.

"உங்கடை கசற்றிலை எது நல்லதெண்டு நீங்கள் சொல்லக்கூடாது. எதிர்க்கட்சி சொல்ல வேணும். குலேந்திரன், மழைக் கசற்றிலை நாலு பாட்டுச் சொல்லும்."

அண்ணன் யோசிக்கவேயில்லை. ஒன்று, மூன்று, நாலு என்றார். பிறகு, "ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு. அந்தப் பொம்பிளை தனியப் பாடுறது," என்றார்.

மரியதாஸ் அண்ணை அவரைத் திரும்பிப் பார்த்தார். "அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. அது உமக்குப் பிடிக்குமோ?"

"பிடிக்குமெண்டு ஆர் சொன்னது? திறம் எண்டு சொன்னன்."

மரியதாஸ் அண்ணையும் றெயில் கசற்றில் நாலு பாட்டைத் தயங்காமல் சொன்னார். நாலில் ஒன்று, எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் வயலின்கள் ஓடுகிற அந்தப் பாட்டு.  அண்ணன் பீடியை எடுத்து அவருக்கு ஒன்று நீட்டினார். என் கசற்றுக்கு எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கவில்லை. ஒருவரும் அதை முழுதாகக் கேட்டதேயில்லை. ஆகையால் பிலோமினா அம்மா கேட்டுத் தெரிவு செய்தார். சிரிப்பு உள்ள பாட்டைத் தெரிவு செய்தபோது எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பொழுது சாய்கிறவரைக்கும் பதிந்தோம். ஒரு பாட்டுக்குள் கோழி கேறியது. ஒரு பாட்டின் முடிவில் தூரத்தே ஹெலிகொப்டர் ஒன்று போனது. சிவபாதம் அண்ணை நிறுத்தாமல், அது போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பதிகிற பெட்டியின் சைக்கிளை நான் சுற்ற, பாடுகிற பெட்டிக்கு மழைப் பாட்டுகளின்போது அண்ணன் சுற்றினார். றெயில் பாட்டுகளுக்கு மரியதாஸ் அண்ணை சுற்றினார். இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு இப்படி ஒருநாளும் பாடுபட்டதில்லை. பத்தாவது பாட்டில் நான் தும்மிவிட்டேன். என் கட்சிப் பாட்டிலேயே.

ஜேர்மனியிலிருந்து ஒரு தீர்ப்பு

கசற், ஜேர்மனிக்கு அனுப்பும்படி, கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் போனது. மறுநாள் எங்கள் ஒழுங்கையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. செல்வம் மாமி செருப்பில்லாமல் ஓடியதை நான் கண்டேன்.

மழை வந்தது. மூலக் கசற்றுகள் சிவபாதம் அண்ணை சொன்னபடியே ஒவ்வொன்றாக ஊமையாகின. அவர் அவற்றை எறியவில்லை. வரிசையாக அடுக்கி, பெட்டியை மூடினார்.

பதில் வர ஏழு மாதம் எடுத்தது. பத்துக் கசற் அனுப்பியதாகக் கடிதம் சொன்னது. எங்கள் கைக்கு வந்தவை ஏழு. மூன்று, வழியில் யாருக்கோ பிடித்துப் போயிருக்க வேண்டும். கடிதத்தைக் கொட்டிலில் வைத்து மரியதாஸ் அண்ணை உரக்க வாசித்தார்.

அம்மாவின் குரலைத் தான் தனியாக வைத்திருப்பதாக அருள்தாஸ் எழுதியிருந்தார். "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு அம்மா பேசாமல் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் "ஓம்" என்று சொல்கிறாராம். பாட்டுக்குள் கேறின கோழி எது, தும்மினது ஆர் என்று கேட்டிருந்தார். பிறகு மரியதாஸ் அண்ணை அடுத்த பந்திக்குப் போனார். அவருடைய முகம் மாறியது.

"'எல்லாம் சரி. ஆனால் மூண்டு பேரும் பிழை விட்டிருக்கிறியள். அந்த வருசத்திலை திறமான கசற் நீங்கள் அனுப்பின மூண்டுமில்லை.'"

அருள்தாஸ் சொன்ன கசற்றை, கப்பலில் தொடங்குகிற படத்தின் பாட்டுகள் என்பதால், நாங்கள் பிறகு கப்பல் கசற் என்று அழைத்தோம். எங்கள் எவருடைய பட்டியலிலும் அது இருந்ததில்லை. எங்கள் பாட்டுகளில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியவற்றை மட்டும் பதிந்துவிட்டு, ஏழு கசற்றிலும் மறுபக்கம் முழுக்க அந்தக் கப்பலையே பதிந்து அனுப்பியிருந்தார்.

"உவனுக்கு அங்கை குளிரிலை காது அடைச்சுப் போச்சுது," என்றார் மரியதாஸ் அண்ணை.

"கப்பலும் ஒரு பாட்டோ?" என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

சிவபாதம் அண்ணை தொண்டையைக் கனைத்தார். "நானும் அப்பவே அப்பிடித்தான் நினைச்சனான். ஒருத்தரும் பதியக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

தெல்லிப்பழையில் அத்தனை ஆண்டு எங்கள் பட்டியல்களைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்த மனிதர் மனத்துக்குள் என்ன நினைத்திருப்பார் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் யோசித்தோம்.

முடிவு உடனேயே எடுக்கப்பட்டது. ஏழு கசற்றிலும் கப்பலை அழித்துவிட்டு, விடுபட்ட மற்றப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து அதில் பதிவது. அதற்கு முன், மறுப்புக் கடிதம் எழுதுவதற்காக, ஒரே ஒரு தடவை கேட்பது. மரியதாஸ் அண்ணை சைக்கிளைக் கவிழ்த்தார்.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் அவர் சொன்னார், "இந்த ஒண்டை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை அழிப்பம்."

நாலாம் பாட்டு முடிந்ததும் அண்ணன் சொன்னார், "இதையும் விடலாம். தாளம் பரவாயில்லை."

ஐந்தாவதை விடச் சொன்னது நான்.

ஆறாவது முடிந்தபோது அழிக்கிற கதையே நின்றுவிட்டது. அண்ணன் கொப்பியைத் திறந்து, மேலே "அன்புள்ள அருள்தாஸ்" என்று எழுதி, கீழே "மறுப்பு: ஒன்று" என்று எழுதினார். பேனையைக் கடித்தார். பிறகு மரியதாஸ் அண்ணையைப் பார்த்து, வடிவாகக் கேட்டால்தானே மறுக்கலாம், கசற்றை இன்னொருக்கால் முதலிலிருந்து சுற்றும் என்றார்.

அந்த மறுப்புக்காக அடுத்த மாதங்களில் அதை எத்தனை தடவை கேட்டோம் என்று எனக்குக் கணக்கில்லை. "மறுப்பு: ஒன்று" என்பதற்குக் கீழே அந்தப் பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.